பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் கையாக வாங்கிய இழுப்பறை அலமாரியை, கடந்த மாதம் வீட்டு வாசலில் வைத்து நானே சுரண்டிப் புதிதாக பெயிண்ட் அடித்தேன். பச்சைக்கு அடியில் வெள்ளையும், அதற்கும் அடியில் தேக்கின் ரேகையும் தெரிந்தபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால், உப்புத்தாளால் தேய்க்கையில் பறந்த தூள், அருகில் விளையாடிய பேரனின் விரல்களில் படிந்திருந்ததைக் கண்டு பதறிவிட்டேன். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயம் கூடுதலாக இருக்கக்கூடும். ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. ஒண்டுக் குடித்தனங்களுக்கு நடுவே தினமும் இவ்வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு மாநகராட்சி இதை எடுத்துச் சொல்லி, முகக்கவசமும் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், இராயபுரம்.