உங்கள் விண்டோஸ் 7 கணினி பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பழைய ஸ்கேனரை இயக்கும் மென்பொருளான டிரைவர் புதிதாக வராததால் விண்டோஸ் 7 கணினியை விட முடியவில்லை என்றும், ஹார்ட் டிஸ்க்கை மாற்றி மறுபடி நிறுவியபின் அப்டேட் தேடினாலே பிழை காட்டுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அப்டேட்டும், அது மைக்ரோசாஃப்டிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. விண்டோஸ் 7 வெளியான 2009-இல் அதற்கு ஷா-1 என்ற கணித முறை போதுமாக இருந்தது. அந்த முறையை ஏமாற்ற முடியும் என்று 2017-இல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் 2019-இல் இன்னும் வலுவான ஷா-2 கையொப்பத்துக்கு மாறி, 2020-இல் பழைய வழியை மூடிவிட்டது. ஆகவே பழைய டிஸ்கிலிருந்து நிறுவிய கணினிக்குப் புதிய கையொப்பத்தைச் சரிபார்க்கவும் தெரியாது, அதைக் கற்றுத்தரும் அப்டேட்டைத் தானாகத் தேடிப் பெறவும் முடியாது.

இந்த முடிச்சை வெளியிலிருந்துதான் அவிழ்க்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான அப்டேட் தொகுப்பான சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தைத் திறந்து, கேபி4490628, கேபி4474419 என்ற எண்களுள்ள இரண்டு அப்டேட்டுகளையும், உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று கவனித்து, பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். இதே வரிசையில் நிறுவி, ரீஸ்டார்ட் செய்து, அதன்பின் அப்டேட் தேடுங்கள். 2017 மார்ச்சில் வந்த பாதுகாப்பு அப்டேட்டையும் அப்படியே கொண்டுபோய், நெட்வொர்க்கில் இணைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். அதே ஆண்டு மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் தாக்கியபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை அந்த அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 கணினிகளே.

இவ்வளவு செய்தாலும் உங்களுக்குக் கிடைப்பவை 2020 ஜனவரி 14-இல் பொது ஆதரவு முடியும்வரை வெளியானவை மட்டுமே. விண்டோஸ் 7-க்கான குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பயர்பாக்ஸில் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான 115 இஎஸ்ஆர்தான் கடைசி. ஆகவே வங்கிக் கணக்கையோ மின்னஞ்சலையோ அதில் திறக்காதீர்கள். ஸ்கேன் செய்து கோப்பை வெளியே எடுப்பதோடு அதன் வேலை முடியட்டும்.

நன்றாக ஓடும் இயந்திரத்தை ஒரு கையொப்பத்துக்காகக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆதரவு முடிந்த பிறகும் அப்டேட்டுகளைப் பெறும் வழியைத் திறந்துவைப்பது, மென்பொருளை விற்றவர்களின் கடமை என்றே நினைக்கிறேன்.

விண்டோஸ் 10-இன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. வீட்டிலுள்ள மற்ற கணினிகளுக்கான டிரைவர்களையும் அப்டேட் கோப்புகளையும் இப்போதே தனி டிஸ்கில் சேர்த்துவையுங்கள். ஸ்கேனரின் மாடலை எழுதினால், அதன் டிரைவரை நானும் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்