கொடுமணல் போய் வந்தேன்

சென்னிமலை
தை, ஞாயிறு

அன்புள்ள சரசு,

உன் கடிதம் பட்டிப் பொங்கலன்று வந்தது. வீடு நிறைய ஆட்கள். படித்ததோடு சரி, பதில் எழுத இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதியாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஈரோட்டிலேயே வேலை கிடைத்துவிட்டது. தென்னையில்தான் வெள்ளை ஈ விட்டபாடில்லை, மட்டையெல்லாம் கரி பூசியது போலக் கிடக்கிறது.

நேற்று அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு, சங்க காலத்து ஊரும் இடுகாடும் இருந்த கொடுமணல் போயிருந்தேன். இங்கிருந்து மேற்கே 15 கிலோமீட்டர்தான், நொய்யலின் வடகரை. வண்டியை ஊருக்குள் நிறுத்திவிட்டு, வெயில் ஏறும்வரை காட்டுக்குள்ளேயே நடந்தோம். கிளுவை வேலி, வேலிக்குள் காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். உங்கள் அப்பாருவின் கொரங்காட்டில் நாம் மாடு மேய்த்தோமே, அதே செம்மண், அதே புல்.

பழங்காலக் கல்லறைகளைச் சுற்றி வைத்த கல்வட்டங்கள் முதலில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சும்மா கிடக்கும் பாறாங்கற்கள் என்றுதான் தோன்றியது. ஒரு வட்டம் பிடிபட்டதும் பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று என்று காடு முழுக்கத் தெரிய ஆரம்பித்தன. ஒரு வட்டத்தின் நடுவே கல்லறை திறந்து கிடந்தது. நாலு பக்கமும் நிற்கும் பலகைக் கற்களை ஒன்றின் ஓரம் அடுத்ததைத் தாங்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்தக் கட்டு இறுகுமே தவிர உள்ளே சரியாது. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. கிழக்குப் பலகையில் ஒரு துளை. அதன் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கொத்திய தழும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, ஆனால் விளிம்பு எங்கும் உடையவில்லை. அந்தக் கனத்துக் கல்லில் சில்லுப் பெயராமல் துளை போட எத்தனை பொறுமை வேண்டும்! பையன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஆட்டுப் புழுக்கையும் எருக்கஞ்செடியும்தான் இருந்தன.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள் அல்லவா, பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தாரும் வந்தார்கள். ஒரே ஒரு கல்லறையில் மட்டும், சூதுபவளம் என்கிற செந்நிறக் கல்லில் செய்த 2,220 மணிகள் கிடைத்திருக்கின்றன. பச்சைக்கல் வேண்டுமென்றால் அது கிடைக்கும் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சூதுபவளம் நம் மண்ணில் கிடைக்காது. குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த கல்லைப் பட்டை தீட்டி, துளையிட்டு, விற்றால் பெரும் பொருள் கிடைக்கும் என்று தெரிந்தும், செத்தவரோடு மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். நேற்றிலிருந்து என் மனம் இதைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் அமத்தா போனபோது மூக்குத்தியைக் கழற்றினார்களே, அப்போது நீதான் என் பக்கத்தில் நின்றாய். ‘இருக்கிறவர்களுக்கு ஆகும்’ என்று பெரியம்மா சொன்னார். அது நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அப்படி நினைக்கவில்லை.

அவர்கள் ஒன்றும் வேலையற்றவர்களும் அல்லர். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடும் ஊர் இதுதான். இரும்பு உருக்கினார்கள், எஃகு செய்தார்கள், மணி கோத்தார்கள், பானையில் பெயர் கீறி வைத்தார்கள். கண்ணன் ஆதன் என்று ஒரு பெயர் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் கண்ணன் ஆதன் குடியிருந்த வீடும் உலையும் இன்று உழவுக்காட்டுக்கு அடியில் இருக்கின்றன. மேலே சோளத்தட்டு நிற்கிறது. தங்களுக்கு மண்ணும் ஓலையும் போதும் என்று இருந்தவர்கள், போனவர்களுக்கு மட்டும் கல்லில் வீடு கட்டினார்கள்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வட்டங்களில் பாதிக் கற்களைக் காணோம். பக்கத்து வரப்பைப் பார்த்தால் அவை எங்கே போயின என்று தெரிந்துவிடுகிறது. உழுகிறவருக்குக் கல் இடைஞ்சல்தான். ஆனால் பெயர்த்த கல்லைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று எங்கெங்கோ பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள். சென்னிமலைப் பிள்ளைகளை ஒரு தடவையாவது இந்தக் காட்டில் நடக்க வைக்க வேண்டும். பையனின் தலைமையாசிரியரிடம் நாளைக்கே போய்க் கேட்கப் போகிறேன்.

திரும்பும்போது ஆற்றுப் பக்கம் இறங்கினோம். நொய்யலைப் பற்றி எழுத மனமில்லை. சாயத் தண்ணீர்க் கதை உனக்குத் தெரிந்ததுதானே.

நீ வந்தால் அறச்சலூர் நாகமலைக்கும் போக வேண்டும். புலவர் செ. இராசு கண்டறிந்த இசைக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. பாட்டு டீச்சர் நீ அதைப் பார்க்காமல் இருக்கலாமா? தாளத்துக்குரிய எழுத்துகளை வரிசை வரிசையாக அடுக்கிப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தைச் சேர்த்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் இருக்கிறது. மணியைத் தரம் பார்க்கும் தொழில்காரர், இசையிலும் தேர்ந்தவர். அந்த வரிசையை நீ வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மாசி முடிவதற்குள் வந்துவிடு, பங்குனி வெயில் உன் கண்ணுக்கு ஆகாது. வெளியே நடமாடலாம் என்று மருத்துவர் சொன்னதும் தேதி எழுது. சென்னிமலை வரை பஸ்ஸில் வா, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். அரிசியும் பருப்பும் சாதம் கட்டிக்கொண்டு போகலாம். உன் கைப் பக்குவத்தில் எலுமிச்சை ஊறுகாய் மட்டும் ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து வா.

அன்புடன்,
கோமதி