ஐகோவுக்காகக் கேட்ட கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிண்ட்ரெல்லா போன்ற கதைகளை எதிர்காலத்துக்குக் கொண்டுபோய் ரோபோ, விண்கலம் என்று எழுதுவது வெறும் வேஷம் மாற்றும் வேலை என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிளஸ் டூ விடுமுறையில் என் மகள், மரிசா மேயர் ஆங்கிலத்தில் எழுதி 2012-இல் வந்த 'சிண்டர்' நாவலை, தினமும் கடை சாத்தும் நேரத்துக்கு வந்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவன். கதை தொடங்கும்போதே, உடலில் ஒரு பகுதி இயந்திரமான சிண்டர் என்ற பெண், எதிர்கால நகரமான புதிய பெய்ஜிங்கின் சந்தையில் தன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, தன் இரும்புப் பாதத்தின் கணுக்காலில் துருப்பிடித்த ஸ்குரூவோடு மல்லுக்கட்டுகிறாள். ஸ்டார் தலை தேய்ந்து வட்டமாகிவிட்டது. டிரைவர் பிடிக்காமல் வழுக்கும். உள்ளங்கை கன்றிப் போகும். அந்த வலி எனக்குத் தெரியும். சின்ன வயதில் பொருத்திய பாதம், இப்போது அளவு பற்றவில்லை. அதைக் கழற்றிப் போட்ட நேரம் பார்த்து இளவரசனே பழுதான ரோபோவோடு கடைக்கு வந்து நிற்கிறான். ஒற்றைக் காலை மேஜைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டே பேசுகிறாள். அன்றைக்கே அவள் எனக்கு வேண்டியவள் ஆகிவிட்டாள். பின்னால் அரண்மனைப் படிக்கட்டில் செருப்புக்குப் பதில் பாதமே கழன்று விழும் இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னேன்.

கதையில் குறை இல்லாமல் இல்லை. கடைசியில் அவிழும் ரகசியத்தை நான் நாலாம் நாளே சொல்லிவிட்டேன். ஊரும் மனதில் படியவில்லை. சீனாவில் 9-ஆம் நூற்றாண்டிலேயே மீன் எலும்பும் தங்கச் செருப்புமாக யே ஷியென் என்ற பெண்ணின் கதையை எழுதி வைத்திருக்கிறார்களாம், மகள் தேடிச் சொன்னாள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்திருக்கலாம்.

ஆனால் அந்த மனிதர்கள்! பழைய கதையில் சித்தியின் மகள்கள் இருவருமே பொல்லாதவர்கள். இங்கே இளையவள் பியோனி சிண்டர்மேல் உயிராக இருக்கிறாள். கொள்ளை நோயில் அவள் கிடக்க, மருந்தோடு ஓடி வரும் சிண்டர் பிந்திவிடுகிறாள். அழவும் வழியில்லை, அவள் கண்ணில் நீர் சுரக்காது. நிலவின் அரசி லெவானா அழகியாகத் தெரிவதே பிறர் மனதை மயக்கித்தான். கண்ணாடியை மயக்க முடியாதே! அதனால் கண்ணாடி என்றாலே அவளுக்கு ஆகாது.

எல்லோரையும்விட ஐகோ. வீட்டு வேலை ரோபோ. அது என்று எழுத மனம் வரவில்லை. குணத்தைத் தரும் சிப்பில் கோளாறு இருப்பதால் ரிப்பனுக்கு ஆசைப்படுவாள், இளவரசன் பெயரைக் கேட்டாலே குழைவாள். சித்தி அவளைப் பிரித்துப் போட்டு, விலைபோகும் பாகங்களை விற்றுவிடுகிறாள். மிச்சத்தில் கிடந்த அந்தக் கோளாறான சிப்பை சிண்டர் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அன்று கடையைச் சாத்தக் கொஞ்ச நேரமாயிற்று.

நூல் அறிமுகம் எழுதுவோர் கதைச் சுருக்கத்தோடு நிறுத்தாமல், இப்படிப்பட்ட துணைப் பாத்திரங்களைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பாகம் 'ஸ்கார்லெட்'டை மகள் தொடங்கிவிட்டாள். ஐகோ உண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டாம். அந்தச் சிப்பை விண்கலத்தில் மாட்டிவிடுகிறார்களாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்