கௌபாய் கட்டுரையில் விடுபட்ட ரைஃபிள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த கௌபாய் படங்கள் பற்றிய கட்டுரை, பகை முற்றிய இரண்டு பண்ணைக் குடும்பங்களுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு துப்பாக்கிக்காரன் வந்து சேரும் கதையை அப்படியே சரித்திரம் என்கிறது. பகை சரித்திரம்தான். கூலிக்குச் சுட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நடுத்தெருவில் எதிரெதிரே நின்று யார் முந்தி உருவுவது என்று பார்க்கும் காட்சிக்கு, 1865இல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹிக்காக் என்ற துப்பாக்கி வீரர் டட் என்பவரைச் சுட்டது போல வெகு சில உதாரணங்களே உண்டு. பண்ணைப் பகைகள் அந்த வழியில் தீரவில்லை.

காரணம் கருவியிலேயே இருக்கிறது. 1873இல் வந்த கோல்ட் ரிவால்வரின் சுழலும் உருளையில் ஆறு அறைகள். விவரம் தெரிந்தவர்கள் போட்டது ஐந்து தோட்டா. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் தோட்டாவின் மேல் பட்டுக்கொண்டிருந்தால், துப்பாக்கி கீழே விழுந்தாலே வெடித்துவிடும். அதைத் தடுக்க, சுத்தியலைச் சற்றே பின்னால் நிறுத்திவைக்கும் முதல் பள்ளம் ஒன்று உண்டு. பலமாக அடிபட்டால் அதுவே உடையும். எனவே சுத்தியலைப் பாதி இழுத்து, வலப்பக்கச் சிறு கதவைத் திறந்து ஒரு தோட்டா போடுவார்கள். அடுத்த அறையை விட்டுவிட்டு, வரிசையாக நான்கு. கதவை மூடிச் சுத்தியலை முழுக்க இழுத்து மெல்ல இறக்கினால் அது காலி அறையின் மேல் வந்து உட்காரும். சுட்டுத் தீர்ந்த பிறகு ஒவ்வொரு வெற்றுத் தோட்டாவையும் கம்பியால் தனித்தனியாகத் தள்ள வேண்டும். சண்டைக்கு நடுவே இதற்கு யார் அவகாசம் கொடுப்பார்கள்?

அடுத்தது புகை. ஒரு தோட்டாவில் சுமார் இரண்டரை கிராம் கரிமருந்து, அதாவது அந்தக் காலத்துப் புகை கக்கும் வெடிமருந்து. காற்றில்லாத இடத்தில் இரண்டு வேட்டு போட்டால் எதிராளி கண்ணுக்குத் தெரியமாட்டான். எரிந்த கசடு உருளையின் அச்சில் படிந்து இறுகும். வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் உருளை சுற்றாது. சினிமாவில் இந்தப் புகையைப் பெரும்பாலும் காட்டமாட்டார்கள். காட்டினால் கதாநாயகன் முகம் எப்படித் தெரியும்!

அரிசோனாவில் கிரஹாம், டூக்ஸ்பரி குடும்பங்களின் பகையைப் பாருங்கள். 1887 செப்டம்பர் 4 அன்று ஹோல்புரூக்கில் ஷெரீஃப் ஓவன்ஸ், கிரஹாம் தரப்பின் பிளெவின்ஸ் வீட்டுக்குத் தனியாகப் போனார். கையில் இருந்தது வின்செஸ்டர் ரைஃபிள். நான்கு பேர் மேல் குண்டு பாய்ந்து மூவர் இறந்தனர். ஒருவனுக்கு வயது பதினைந்துதான். சிவகாசி காமிக்ஸ் படித்தவர்களுக்கு வின்செஸ்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

சண்டை எதற்காக என்பதையும் கட்டுரை 'மானப் பிரச்சினை' என்று முடித்துவிட்டது. புல்வெளியில் பெரும்பகுதி அரசுப் புறம்போக்கு. தண்ணீர் யார் கையிலோ, சுற்றியுள்ள புல்லும் அவர் கையில். 1862 சட்டப்படி ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 160 ஏக்கர். வறண்ட பகுதியில் ஒரு மாட்டுக்கே முப்பது ஏக்கர் வரை வேண்டியிருக்கும்போது அது எந்த மூலைக்கு? அந்தப் புல்லை அடியோடு கடித்துவிடும் செம்மறி மந்தையை ஒருவர் ஓட்டி வந்தால் மாட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார்.

வயோமிங்கின் அயர்ன் மவுன்டனில் நிக்கல், மில்லர் குடும்பங்கள் வேலித் தகராறில் ஆண்டுக்கணக்காக மோதிக்கொண்டிருந்தன. 1901இல் கெல்ஸ் நிக்கல் செம்மறிகளைக் கொண்டுவந்தார். ஜூலை 18 காலை, அவருடைய மகன் வில்லி, பதினான்கு வயது, வேலிக் கதவருகே மறைவிலிருந்து சுடப்பட்டு இறந்தான். அப்பாவின் கோட்டும் தொப்பியும் போட்டிருந்ததால் ஆள் மாறிச் சுட்டிருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அடுத்த மாதம் அப்பாவும் சுடப்பட்டார், அவர் பிழைத்துக்கொண்டார்.

கைதானவர் டாம் ஹார்ன். ராணுவ வழிகாட்டி, பிங்கர்ட்டன் என்ற தனியார் நிறுவனத்தின் துப்பறிவாளர், பிறகு மாட்டுப் பண்ணை முதலாளிகளின் கூலியாள். கட்டுரையாளர் தேடும் நாடோடித் துப்பாக்கிக்காரன் இவரேதான். ஆனால் இவருடைய ஆயுதம் 30-30 வின்செஸ்டர் ரைஃபிள். அதன் தோட்டாவில் இருந்தது 1890களில் பரவிய புகையற்ற மருந்து. கரிமருந்துக் காலத்தில் பாறைக்குப் பின்னால் இருந்து சுட்டவனை வெண்புகையே காட்டிக்கொடுத்துவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. கைவேகத்துக்கு அங்கே வேலையே கிடையாது.

குடிபோதையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம்தான் வழக்கின் அடித்தளம். 1903 நவம்பர் 20 அன்று வயோமிங்கின் தலைநகர் ஷையனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரே குற்றவாளியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 1993இல் ஷையனில் நடத்திய மாதிரி மறுவிசாரணை அவரை விடுவித்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்