எழுத்தை நெருக்காதே

முள்ளியவளை
சித்திரைக் கடைசி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கடிதம் எழுதி எத்தனை வருடமோ தெரியாது. போனில் நீ "ம்" என்பாய், நான் "சரி" என்பேன், அதோடு முடிந்துவிடும். இப்போது அந்த "ம்"மும் இல்லை. அதுதான் பேனையை எடுத்தேன்.

காசு வந்தது. வழமையாக 25ஆம் திகதி வரும். இந்தத் தரம் 7ஆம் திகதி, வேறு வங்கியிலிருந்து வந்திருக்கிறது. அம்மா கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை, வங்கி மாற்றுவது உன் வசதி. சாப்பாட்டைக் குறைத்துக் காசு அனுப்பாதே, அவ்வளவுதான். கண்ணையும் பார்த்துக்கொள். நான் விளக்கு வெளிச்சத்தில் கடைகளுக்குப் பெயர்ப் போட் எழுதிக் கெடுத்த கண் இது, இப்போது ஊசிக்கு நூல் கோர்க்கக்கூட உதவாது.

போன கிழமை சந்திக் கடையில் நீ வடிவமைத்த தேயிலைப் பெட்டி வந்திருந்தது. கடைக்காரரிடம் எடுத்துக் காட்டி, "இந்தச் சிங்க முத்திரையைச் சும்மா போட ஏலாது தெரியுமா? முழுக்க இலங்கைத் தேயிலையாக இருக்கவேண்டும், இங்கேயே பெட்டியில் அடைத்திருக்கவேண்டும், அப்போதுதான் தேயிலைச் சபை விடும்" என்றேன். நீ சொன்னதை நானே கண்டுபிடித்தது போலச் சொன்னேன். அவர், "ஐயா, எடுக்கிறீங்களோ, வைக்கிறீங்களோ?" என்று கேட்டார். எடுத்தேன். வீட்டில் இப்போது மூன்று பெட்டி இருக்கிறது, குடிக்க ஆள்தான் இல்லை.

அதில் எனக்குப் பிடித்தது சிங்கம் இல்லை. தமிழ் எழுத்து சிங்களத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கிறது. மற்றவர்கள் செய்வதைத்தான் பார்க்கிறோமே. இங்கிலீசுக்கும் சிங்களத்துக்கும் இடம் வெட்டிவிட்டு, மிச்சம் கிடக்கும் கீற்றில் பாமினி என்கிற கொம்பியூட்டர் எழுத்தைப் பிடித்து நசுக்குவார்கள். ளகரமும் ழகரமும் இடம் மாறிக் கிடக்கும். தமிழ்ச் சொல் நீளம், அதற்குத் தலையும் உண்டு வாலும் உண்டு. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்கு, நெருக்காதே. இதை நூறு தரம் சொல்லிவிட்டேன், தெரியும்.

ஒரு கிழமை தேயிலை, மறு கிழமை ஆஸ்பத்திரி, அதற்கடுத்தது சீமெந்து என்று நீ சொல்லும்போது, ஒரு இடத்தில் கால் ஊன்றாத வேலை என்று அம்மா முணுமுணுப்பாள். எனக்குச் சிரிப்பு வரும். 2002இல் சண்டை நின்று பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் நான் ஒரே கிழமையில் சலூன், பல் வைத்தியர், அரிசி ஆலை மூன்றுக்கும் எழுதினவன். நகைக்கடை என்றால் மெறூனில் மஞ்சள். பார்மசிக்குப் பச்சை. ஒரு ரயர்க் கடைக்காரர் மட்டும் சிவப்புக்கு மேலேயே சிவப்பு வேண்டும் என்று நின்றார், எழுதிக் கொடுத்தேன், யாருக்கும் தெரியவில்லை, திரும்ப வந்து வெள்ளைக்கரை போடச் சொன்னார். ஆள் என்ன விற்கிறான், யாருக்கு விற்கிறான் என்று பார்த்துத்தான் தூரிகையைத் தொடுவோம். அதற்கு நீங்கள் பிராண்டிங் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். பிறகு பிளெக்ஸ் மெஷின் வந்தது. என் இரண்டு நாள் வேலையை அது பத்து நிமிடத்தில் துப்பிவிடும்.

சரி, மாங்குளம் சந்தியில் நீ செய்த அந்தப் பெரிய கடன் விளம்பரத்தை நேரில் பார்த்தேன். நீ படம் அனுப்பி, "எப்படி அப்பா?" என்று கேட்டாய். "வடிவு" என்று மட்டும் போட்டேன். அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற முக்கால் மணித்தியாலமும் அதையேதான் பார்த்தேன். வேலை நல்ல வேலை. தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு பெண் சிரிக்கிறாள். எழுத்து நெருங்கவில்லை. வட்டி மட்டும் அடியில் எறும்பு ஊர்ந்தது போல.

சோடாப் போத்தல் கதை நினைவிருக்கிறதா? 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு அடையாளம் போடவேண்டும் என்று 2016இல் கொண்டுவந்தார்களே. அதை மடிப்புக்குள் ஒளிக்கலாமா என்று கேட்ட ஆளிடம் முடியாது என்று நீ சொன்னாய். நான் அதை அம்மாவுக்கு மூன்று தரம் சொன்னேன். சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரமே கூடாது என்று 2006இல் சட்டம் போட்டார்கள். கடனுக்கு ஒரு சிவப்பு வட்டமாவது இல்லை. அப்படியென்றால் வரைகிற பிள்ளைதானே யோசிக்கவேண்டும்? சின்னம்மாவின் தோடு போன விதம் உனக்குத் தெரியாதா? கடன் குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். வெள்ளிக்கிழமையானால் படலையில் கடன் வாங்க வருகிறவனின் மோட்டார் சைக்கிள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் வரையான கடனை அரசாங்கம் தள்ளுவதாகச் சொன்னபோது, அவளிடம் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். கிழித்துவிடுவோம் என்றும் நினைத்தேன். உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை பிள்ளை.

2014இல் ஒட்டுசுட்டான் பக்கம் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறேன் என்று உங்களுக்குச் சொன்னேன். பள்ளிக்கூடம் இல்லை. ஒரு கடன் கொம்பனிக்கு. மொத்தம் பதினொரு மதில். அதே தையல் மெஷின், அதே சிரிப்பு. முகத்துக்கு மாதிரி தேவைப்பட்டது, சின்னம்மாவை முற்றத்தில் இருத்தி வரைந்தேன். என்னத்துக்கு என்று அவள் கேட்கவும் இல்லை. ஒன்பதாவது மதில் அவளுடையது. "என்ர முகத்தைப் போட்டுட்டு எனக்குக் கடன் இல்லையெண்டு சொல்லுவாங்களோ அத்தான்?" என்று சிரித்துக்கொண்டுதான் போய்க் குழுவில் சேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. மிச்சம் இரண்டு மதிலும் எழுதிக் காசை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் காசு எதற்குப் போனது என்று எழுதமாட்டேன், எழுதினால் உன் தலையில் ஏற்றியது போலாகிவிடும். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. சின்னம்மா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

அந்த மதிலுக்கு இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்தேன். எனாமலுக்கு மேல் சுண்ணாம்பு பிடிக்காது, எனக்குத் தெரியாததா? மாரி மழைக்குக் கழுவுப்பட்டுத் திரும்பவும் பல் தெரிகிறது.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வருகிறது. விளக்கெரிக்கக் கடலில் உப்புத்தண்ணி எடுக்கும் நாளுக்கு முன்னால் வந்தால் அம்மா சந்தோசப்படுவாள். லீவு எடுக்கவேண்டி இருந்தால் எடு, எடுக்கத் தேவையில்லை என்றாலும் வா. நான் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன். கண்ணைப் பார்த்துக்கொள்.

இன்னொன்று. நம் சந்தி அரிசி ஆலைக்காரர் புதுப் போட் கேட்கிறார். பிளெக்ஸ்தான் வேண்டுமாம். மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எட்டடி நீளம், மூன்றடி உயரம், பெயரோடு நெற்கதிர் ஒன்று. உன் விலையைச் சொல், மாமா முறை என்று பார்க்காதே, முற்பணம் 2000 வாங்கி வைத்திருக்கிறேன். அவருடைய பெயர் நீளம், முதலெழுத்து மூன்று வேறு. எழுத்தை நெருக்காதே.

அப்பா