போல்ட்டை மட்டும் முறுக்கிவிடாதே, கண்ணு

கிருஷ்ணகிரி

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய வீடியோவை நேற்று ராத்திரி ஏழெட்டு தடவை பார்த்தேன். அம்மா தூங்கின பிறகு திண்ணையில் உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்தும் பார்த்தேன். உன் கார் என்ஜினின் முன்பக்கம் பெல்ட் ஓடுகிற சக்கரம், அந்தக் கிராங்க் புல்லி, நேராகச் சுற்றவில்லை. வேகம் குறைந்த பம்பரம் மாதிரி தலையாட்டுகிறது. "போல்ட்டை நல்லா முறுக்கிட்டா போதுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். போதாது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், இனி அந்த வண்டியை எடுக்காதே. கடைக்குப் போய்வரக்கூட வேண்டாம். மெல்போர்னில் டிராம் இருக்கிறது, அதில் வேலைக்குப் போ.

உன்னுடையது 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் என்ஜின். அந்த வரிசையில் முதலில் வந்தவற்றுக்கு கிராங்கின் மூக்கு, அதாவது புல்லி உட்காருகிற கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை, குட்டை. 1991 வாக்கில் நீளமாக்கினார்கள். வெளியிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. புல்லியின் முகத்தில் நாலு காடி (பள்ளம்) வெட்டியிருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. என்ஜினை நிறுத்தின பிறகு நீ எடுத்த இடத்தில் வீடியோவை நிறுத்தி எண்ணினேன். நாலுதான் இருக்கிறது.

குட்டை மூக்கு என்பதாலேயே கெட்டுப்போகும் என்று பயப்படாதே. முப்பது வருஷத்துக்கு மேல் நன்றாக ஓடுகிறவை நிறைய உண்டு. முன்னால் யாரோ, வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்றும்போது புல்லியின் நடு போல்ட்டைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டும்போது முறுக்கும் அளவு பார்க்காமல் விட்டிருக்க வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பம் என்று நினைக்கிறேன்.

கிராங்குக்கும், டைமிங் பெல்ட்டை ஓட்டுகிற பல்சக்கரத்துக்கும் நடுவில் அரைவட்டமாக ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கும், அதுதான் கீ. சுமையை அதுதான் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுகிற அடையாளம், அவ்வளவுதான். சுமையைத் தாங்குவது போல்ட் கொடுக்கிற அழுத்தம். அந்த அழுத்தத்தில் புல்லியும் பல்சக்கரமும் மூக்கோடு நெருக்கிப் பிடித்து ஒரே துண்டு போலச் சுற்ற வேண்டும். பிடி கொஞ்சம் தளர்ந்தால் என்ஜினுக்குள் பெட்ரோல் வெடிக்கிற ஒவ்வொரு தடவையும் கீ முன்னும் பின்னும் அடிக்கும். கீ தேயும், அது உட்கார்ந்திருக்கும் காடியும் அகலமாகும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் புல்லி கோணலாகவேதான் உட்காரும்.

மேட்டில் இழுவை குறைந்திருக்கிறது என்று போன மாதம் சொன்னாயே, அதுவும் இதனால்தான் இருக்கும். உன் என்ஜினில் ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் சென்சார், வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டின் பின்பக்கம் இருக்கிறது. பல்சக்கரம் வழுக்கினால் வால்வும் ஸ்பார்க்கும் சேர்ந்தே தள்ளிப்போகும். நல்ல வேளை, இந்த என்ஜினில் டைமிங் தப்பினாலும் பிஸ்டன் வால்வில் இடிக்காது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ மூன்றாவது படிக்கும்போது, மாம்பழ சீசன் நடுவில், ஒரு கூழ் ஃபேக்டரியிலிருந்து ஷாஃப்ட் ஒன்றை நம் லேத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதே தேய்மானம். வாசலில் பெங்களூரா மாங்காய் லோடு லோடாக நிற்கிறது, ராத்திரிக்குள் வேண்டும் என்றார்கள். காடியின் ஓரத்தில் வெல்டிங் வைத்து, கீயை அடித்து இறக்கி அனுப்பிவிட்டேன். பத்தே நாளில் ஷாஃப்ட் அந்த வெல்டிங் ஓரத்திலேயே முறிந்தது. முற்றத்தில் கொட்டியிருந்த காய் அழுகி ஒழுகியதை நேரில் போய்ப் பார்த்தேன். அந்த வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. யாராவது உன்னிடம் "மூக்கில் வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

சரி, வேலைக்கு வருவோம். ரேடியேட்டரைக் கழற்றிவிடு. மெனக்கெட்ட வேலைதான், ஆனால் கை தாராளமாகப் போகும். வெளிப் புல்லியைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டுகள் நாலு, அப்புறம் நடு போல்ட். டைமிங் குறிகளைப் பெயிண்டால் அடையாளம் வைத்துக்கொண்டு பெல்ட்டையும் பல்சக்கரத்தையும் எடு. கீயை எடுத்ததும் மூக்கை நன்றாகத் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார். காடியின் ஒரு சுவர் மட்டும் கொஞ்சம் தேய்ந்து, மூக்கு உருண்டையாகவே இருந்தால் பிழைத்தோம். மூக்கே நசுங்கியிருந்தால் கிராங்க் ஷாஃப்ட்டையோ என்ஜினையோ மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்கு நான் பணம் அனுப்புகிறேன், நீ தயங்காதே.

லேசான தேய்மானம் என்றால், கீ, பல்சக்கரம், போல்ட் மூன்றும் புதிதாக வாங்கு. புல்லி உட்காரும் நடுத்துண்டும் அடிபட்டிருந்தால் அதையும் மாற்று. மூக்கையும் காடியையும் அசிட்டோன் போட்டு எண்ணெய்ப் பசையே இல்லாமல் துடை. காடியில் லாக்டைட் 660 பூசு. இடைவெளியை நிரப்பி இறுகுவதற்கென்றே உள்ள பசை அது, அரை மில்லிமீட்டர் வரை தாங்கும். கீயைத் தேயாத சுவரோடு ஒட்டி உட்கார வை. பின்னால் ஆயில் சீல் இருக்கிறது, அந்தப் பக்கம் பசை வழியக் கூடாது. பிறகு, முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து நடு போல்ட்டை 108-க்கும் 118-க்கும் இடையில், நியூட்டன் மீட்டர் கணக்கில், முறுக்கு. நீள மூக்குக்கு 160 பக்கம் வரும், அந்தக் கணக்கை யாராவது சொன்னால் கேட்காதே. முறுக்கினபின் ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடக் கூடாது. மறுபடி கழற்ற வேண்டி வந்தால் சூடேற்றித்தான் எடுக்க முடியும். அதனால் குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று பசை பூசுவதற்கு முன்பே இரண்டு தடவை பார்த்துக்கொள்.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்யும்போது தலைமுடியைக் கட்டிக்கொள். துப்பட்டா, தொங்குகிற சட்டை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. இதை எழுதும்போதே எனக்கு உள்ளுக்குள் பதறுகிறது.

சனிக்கிழமை கழற்றப் போவதாகச் சொன்னாய். கீயை எடுத்ததும் மூக்கை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே விடியாமல் இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு. நான் பார்த்துச் சொல்லும் வரை பசை டியூபைத் திறக்காதே.

அப்பா