சமூகத்துக்கான உணவுத் தொழில்நுட்பம் என்கிறீர்கள், சமைப்பவர்களுக்கு இடம் எங்கே?

சிங்கப்பூரில் உணவுத் தொழில்நுட்ப ஆக்சிலரேட்டர் திட்டங்களை, அதாவது புதிய தொழில்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டலும் தந்து வேகமாக வளர்க்கும் திட்டங்களை, நடத்துவோருக்கும் அவற்றுக்குப் பணம் கொடுப்போருக்கும்,

வணக்கம். சமூக அக்கறையுள்ள புத்தாக்கர்கள் வேண்டும் என்று அழைப்பு விடுக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் வார நாள்களில் பகல் முழுக்க வந்து உட்காரக் கூடியவர், ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசி முதலீட்டாளரின் மனத்தைக் கவரத் தெரிந்தவர், கையில் ஒரு செயலியோ காப்புரிமையோ வைத்திருப்பவர், இவர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே நுழைய முடியாதபடிதான் உங்கள் விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் உணவு ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து உணவு விற்கும் தெரிந்தவர்களுக்கு லேபிள், பாக்கெட், எத்தனை நாள் தாங்கும் என்பது போன்ற விஷயங்களில் ஓய்வு நேரத்தில் கைகொடுப்பதுண்டு. அவர்களில் உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் அக்கா. தினையும் உளுந்தும் போட்டுத் தோசை மாவு அரைத்து விற்கிறார். வாங்க வருபவர்களில் வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்கள்தான் அதிகம். 2016-ல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடங்கியது ஞாபகமிருக்கும். அந்தப் போரில் இந்த அக்காவும் தன் பங்குக்கு ஏதோ செய்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவருடைய தொல்லை மாவு புளிப்பதில்தான். அரைத்த உளுந்தின் கொழகொழப்பு வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் இட்லி மெத்தென்று வருகிறது. அதே வாயு பாக்கெட்டை உப்ப வைத்து, மூன்றாம் நாள் குளிர்பெட்டிக்குள் ஓரத்தைப் பிரித்துக்கொண்டு மாவை வழியவிடுகிறது. குளிரில் நுண்ணுயிர்கள் வேலையை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. எந்த அமில அளவு வந்ததும் மாவைக் குளிர்விக்க வேண்டும், எவ்வளவு வேகமாகக் குளிர்விக்க வேண்டும், காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு வைத்த பாக்கெட் கட்டுப்படியாகுமா, உப்பை எப்போது சேர்ப்பது? இதெல்லாம் உணவுத் தொழில்நுட்பம் இல்லாமல் வேறென்ன? ஆய்வகத்தில் நாலு முறை பரிசோதித்தால் விடை கிடைத்துவிடும். அந்தக் கட்டணத்துக்குத்தான் அவரிடம் வழியில்லை.

சரி, விடை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சமைத்து விற்க உரிமம் தேவையில்லை, ஆனால் கடைகளுக்கு விநியோகிக்கக் கூடாது, கேட்டரிங் செய்யக் கூடாது, அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புக்கும் அக்கம்பக்கத்தார் நிம்மதிக்கும் போட்ட விதிகள், அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் உரிமம் பெற்ற உற்பத்திக் கூடம் வேண்டும். கூடம் என்றால் வாடகை, குளிர் அறை, ஆள் சம்பளம். வீட்டுச் சமையலறைக்கும் இதற்கும் நடுவில் ஏற ஒரு படி வேண்டாமா? செனோக்கோவில் 2022-ல் திறந்த ஃபுட்பிளான்ட் போன்ற இடங்கள் சிறு அளவில் உற்பத்தி செய்து பார்க்கத்தான் இருக்கின்றன. அங்கே சில வாரங்களுக்கான நேரத்தையும் பரிசோதனைக் கட்டணத்தையும் உங்கள் திட்டம் ஏற்றுக்கொண்டால் போதும், வழிகாட்டி ஒருவரோடு காப்பி குடிக்கும் சந்திப்புகளை அவர் கேட்கவே மாட்டார்.

அப்புறம் மிஞ்சும் உணவு. 2023-ல் மட்டும் இங்கே சேர்ந்த உணவுக் கழிவு ஏறக்குறைய 755,000 டன், அதில் மறுபயனீட்டுக்குப் போனது 18 விழுக்காடு. 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நல்லெண்ண உணவு நன்கொடைச் சட்டம், பாதுகாப்பாகக் கையாண்டு, எப்படி வைத்து எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று சொல்லி உணவைத் தானமாகக் கொடுப்பவரைச் சட்டப் பொறுப்பிலிருந்து காக்கிறது. உடனே எல்லாரும் 'உணவைப் பகிரும் செயலி' செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு சமூக மன்றத்துக் கல்யாணத்தில் மிஞ்சிய ஒரு அண்டா பிரியாணியைச் செயலி என்ன செய்யும்? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சோறு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கிருமி பெருகும், பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அங்கே வேண்டியது வேனில் ஏற்றிக் கொண்டுபோகக்கூடிய, கட்டுப்படியாகும் விலையிலான விரைவுக் குளிரூட்டி ஒன்று. அண்டாவில் அப்படியே வைத்தால் நடுச்சோறு விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதும், தட்டுகளில் பரப்ப வேண்டும் என்பதும் கோயில் அன்னதானத்தில் நிற்கும் தொண்டூழியர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையாவது உங்கள் நடுவர் குழுவில் உட்கார வைத்ததுண்டா?

2030-க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019-ல் வைத்த இலக்கு 2025 நவம்பரில் கைவிடப்பட்டு, 2035-க்கு வேறு இலக்குகள் வந்துவிட்டன. பண்ணை நடத்தியவர்களுக்குத் திறமை இல்லாமல் போகவில்லை. செலவு கூடியது, ஈரச்சந்தையில் கீரை வாங்குபவரோ மலேசியக் கீரையின் விலையோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார். வாங்குபவரைக் கடைசியில் தேடக் கூடாது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று தெரியவில்லை, ஏனென்றால் நிறைவு விழாவில் இன்னும் எவ்வளவு முதலீடு திரட்டினார்கள் என்பதைத்தான் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

2030-ல் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தொட்டவராக இருப்பார். விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்கு, பார்க்க இடியாப்பம் மாதிரியும் வாயில் கூழாகவும் இருக்கும் உணவை யாராவது செய்தால், முதலீட்டாளருக்கு முன்னால் அதை வாங்கப்போகும் ஒரு தாதிமை இல்லத்தைக் கூட்டி வந்து நிறுத்துங்கள்.

அடுத்த சுற்றில் படிவத்தை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வையுங்கள். வகுப்பை மாலையிலும் வார இறுதியிலும் நடத்துங்கள். ஸ்லைடு வேண்டாம், சாப்பாட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரொக்கப் பரிசில் ஒரு பகுதியை ஆய்வகக் கட்டணமாகவும் உற்பத்திக் கூடத்தில் வேலை செய்யும் நேரமாகவும் மாற்றுங்கள். இரண்டு வருடம் கழித்து யார் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்ற பட்டியலை வெளியிடுங்கள். அந்த அக்காவை விண்ணப்பிக்கச் சொல்வது என் பொறுப்பு, படிவத்தில் காப்புரிமை எண் கேட்கும் கட்டத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.